கழித்துப் போட்ட சல்லா

சாத்தம்பேட்டை நெசவாளர் தெருவில் தாண்டவ முதலி நெய்து, சீமைக்காரர்களின் கிடங்கு வேண்டாமென்று கழித்துப் போட்ட மெல்லிய சல்லாத் துணி, ஒரு மாசி மாதத்து விடியலில், தெருவே பாவு விரித்துக் கஞ்சி தோய்த்துக்கொண்டிருந்த வேளையில், கொடியில் தொங்கியபடியே தொண்டையைச் செருமிக்கொண்டு "தலைவர் அவர்களே" என்றது. தெருவுக்குப் பெரியதனக்காரரான வீரபத்திர முதலி, தன்னைத்தான் யாரோ மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, பாவிலிருந்து கையை எடுக்காமலேயே, "சொல்லு, கேட்டுட்டுதான் இருக்கேன்" என்றார். துணி ஒரு கணம் தயங்கியது. பிறகு சொல்லத் தொடங்கியது. பாவு காய்வதற்குள் முடித்துவிடும் என்று எல்லோரும் நினைத்தார்கள். பாவு காய்ந்து, அதைச் சுருட்டி, வீட்டுக்குத் தூக்கிப் போய்த் தறியில் ஏற்றிய பிறகும் அது முடிக்கவில்லை.

அந்தத் துணியின் பிறப்பில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை. தாண்டவன் ஒரே பாவில் இரண்டு துண்டு நெய்தான். இரண்டையும், கிடங்கில் துரைகளுக்கும் நெசவாளர்களுக்கும் நடுவில் நின்று பேசுகிற துபாஷி தியாகப்பன் வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்து, ஒன்றைக் கப்பலுக்கு எடுத்துக்கொண்டு, மற்றதில் கரையோரம் ஒரு இழை தடித்திருக்கிறது என்று தாண்டவனின் முகத்தைப் பார்க்காமலே தரையில் வீசினான். கப்பலேறிய துண்டு சீமைக்குப் போய், கடையில் வெட்டுப்பட்டு, நத்தானியல் ஹார்விக் என்கிற இளைஞரின் கழுத்தைச் சுற்றிக் கட்டும் துணியாயிற்று. தரையில் வீசப்பட்ட துண்டைத் தாண்டவனின் மனைவி உண்ணாமுலை, தூளி கட்டலாம் என்று எடுத்து வந்து, கிழிக்க மனம் வராமல் கொடியில் போட்டாள். நூல் ஒன்று, கஞ்சி ஒன்று, நெய்த கை ஒன்று. பாதி ஒருவனுடைய தொண்டையைச் சுற்றியிருக்கும்போது மீதிப் பாதிக்கு அவன் பேசுவது கேட்காமல் இருந்தால்தான் யோசிக்க வேண்டும் என்று தெருவில் சொன்னார்கள். பேசியது சீமை மொழியில். வந்து சேர்ந்தது சாத்தம்பேட்டைத் தமிழில். அதையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"நம்ம துணி நம்ம பேச்சுதானே பேசும்" என்றான் தெருக்கோடித் தறிக்காரன் கலியன். "கழித்துப் போட்டவனோட பேச்சையா பேசும்?"

சீமையில் தலைவர் ஒருவர் நடத்த, சட்டம் செய்கிற சபை ஒன்று இருந்தது. அங்கே ராசாவின் மந்திரிகளும் அவர்களை அண்டிப் பிழைக்கிறவர்களும் ஒரு பக்கம், அவர்களை மறுக்கிறவர்கள் எதிர் வரிசையில். ஹார்விக் மீசை முளைத்த வயதில் எதிர் வரிசையில் போய் உட்கார்ந்தார், தலை நரைத்துப் பல் விழும்வரை அந்த வரிசையை விட்டு எழவில்லை. சபை மாலையில் கூடி, விளக்கேற்றி, பாதி ராத்திரிவரை நடக்கும்; அங்கே பாதி ராத்திரி என்றால் இங்கே பாவு விரிக்கிற விடியல். ஆகவே அவருடைய முதல் பேச்சை முழுசாகக் கேட்டவர்கள் சீமையிலே யாருமில்லை, பாதிப் பேர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். முழுசாகக் கேட்டது சாத்தம்பேட்டை. கடல் அரித்துக் கொண்டுபோய்விட்ட ஓர் ஊர், வீடுகளும் கோயிலும் தண்ணீருக்கடியில் கிடக்கிற ஊர், மேட்டில் மிச்சமிருக்கிற சில குடிசைகளின் பேரால் சபைக்கு இரண்டு ஆளை அனுப்புகிறது; பக்கத்தில் ஆயிரம் தறி ஓடுகிற பட்டணம் ஒன்று, ஒரு ஆளைக்கூட அனுப்ப முடியவில்லை, இது என்ன நியாயம் என்று அவர் கேட்டார். தறி என்ற சொல் வந்ததும் தெரு நிமிர்ந்து உட்கார்ந்தது.

ஒவ்வொரு பேச்சும் ஒரே மாதிரித்தான் முடியும். பெரிய குரல் ஒன்று எதையோ கேட்கும். கதவு திறக்கிற ஓசை. பலகைகள் கிறீச்சிடும். பிறகு சிலர் எழுந்து, செருப்புக் குதிகள் தரையில் தட்ட, வெளியே நடந்து போகிற சத்தம். அத்தோடு துணி அன்றைக்கு அடங்கிவிடும். இந்தச் சத்தத்துக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஏனென்றால் நெசவாளருக்கு ஒரு வழக்கம் உண்டு. அநியாயம் பொறுக்க முடியாமல் போகும்போது அவர்கள் கத்தவும் மாட்டார்கள், கல்லெறியவும் மாட்டார்கள். ஓடுகிற நாடாவைப் பாவின் நடுவில் அப்படியே நிறுத்திவிட்டு, அடுப்பில் தண்ணீர் ஊற்றிவிட்டு, பெண்டு பிள்ளைகளோடு தெரு முழுவதும் ஒன்றாக எழுந்து, அந்த ஆட்சியின் எல்லையைத் தாண்டிப் போய் ஏதாவது கோயில் மதிலோரம் உட்கார்ந்துவிடுவார்கள். நூல் இருக்கும், தறி இருக்கும், துணி இருக்காது. ஆளுகிறவன் ஆளனுப்பித் தாம்பூலம் வைத்து அழைத்தால்தான் திரும்புவார்கள். எழுந்து வெளியே நடப்பதைவிடப் பெரிய ஆயுதம் அவர்களுக்குத் தெரியாது. ஆகையால் சீமைச் சபையில் சிலர் எழுந்து வெளியே நடக்கிற சத்தம் கேட்டபோதெல்லாம், அந்த மனுஷனுடைய நியாயத்தைக் கேட்டு மனம் கொதித்து வெளியேறுகிறார்கள், மந்திரிகள் தாம்பூலத் தட்டோடு பின்னால் ஓடப் போகிறார்கள் என்று நம்பி, வீரபத்திர முதலி வீட்டு வெல்லத்தைத் தட்டித் தெருவுக்குக் கொடுத்தார்.

"கேட்டியா செருப்புச் சத்தத்தை? என்னா கோவம் பாரு" என்பார்.

"கோவம் சரி மாமா" என்பான் கலியன். "இந்தத் தடவை வெல்லத்துல மண்ணு."

மந்திரிகள் பணிந்து போடுகிற உத்தரவு கப்பலில்தான் வர வேண்டும் என்பதால் கப்பலுக்குக் காத்திருந்தார்கள். கப்பல் வரும். அதில், இப்படி நெய் என்று காட்டும் மாதிரித் துண்டுகள் வரும், புது அதிகாரி வருவார். அடுத்த கப்பலில் வரும் என்று கலைந்து போவார்கள்.

இப்படியே வருஷங்கள் போயின. துணி தெருவின் வேலைகளில் ஒன்றாகிவிட்டது. மார்கழிப் பனியில் அதன் குரல் கம்மினால் பெண்கள் சுக்குத் தண்ணீர் தெளித்தார்கள். பிசுக்குப் பிடித்தால் வெளுத்து, பழைய கஞ்சியில் தோய்த்துப் போட்டால் குரல் கணீரென்று வரும். புதுக்கஞ்சி போட்டால் மூக்கால் பேசும். கோயில் குருக்கள் அதைச் சன்னிதிக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்றார். அங்கே வைத்தால் யார் வரலாம் யார் வரக்கூடாது என்று பேச்சு வரும், தெருவிலேயே கிடக்கட்டும் என்று பெண்கள் மறுத்துவிட்டார்கள். வரி கொடுக்கிறவனுக்கு வாய் உண்டு என்று ஹார்விக் சொன்ன வருஷம், நூல் சுற்றுவது நாங்கள், பாவு இழைப்பது நாங்கள், தெருக்கூட்டத்தில் எங்களுக்கு வாய் கிடையாதா என்று உண்ணாமுலை எழுந்து கேட்டாள். வீரபத்திர முதலி துணியைப் பார்த்தார். துணி அன்றைக்குப் பார்த்து ஆமாம் ஆமாம் என்று யாரையோ ஆமோதித்துக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து பெண்களும் கூட்டத்தில் பேசினார்கள், கூட்டங்கள் நீளமாயின.

மந்திரிகளின் களவுகளைப் பற்றி ஹார்விக் ஒரு துண்டறிக்கை அச்சடித்ததற்காகச் சபை அவரை வெளியேற்றியது. அவரைத் தேர்ந்தெடுத்த ஊர் அவரையே திரும்ப அனுப்பியது. மறுபடி வெளியேற்றினார்கள், ஊர் மறுபடி அனுப்பியது, கடைசியில் தேர்தலில் அவரிடம் தோற்றவனைக் கூப்பிட்டு அவருடைய இடத்தில் உட்கார வைத்துவிட்டு அவரைச் சிறையில் போட்டார்கள். சிறையிலும் அவர் கழுத்துத் துணியைக் கழற்றவில்லை. அந்த வருஷம் முழுவதும் துணியில் வந்தது இருமல். விடியற்காலையில் பாவு விரிக்க வரும்போது ஒருத்தர் மாற்றி ஒருத்தர் நின்று அந்த இருமலைக் கேட்டுவிட்டு, ஆள் இருக்கிறார் என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குவார்கள். சிறையிலிருந்து வந்து மறுபடியும் எதிர் வரிசையில் உட்கார்ந்து "தலைவர் அவர்களே" என்று ஆரம்பித்த நாளில் தெருவில் தறி ஓடவில்லை.

பிறகு அவருடைய சிநேகிதர்கள் ஒவ்வொருவராக வரிசை மாறினார்கள். அந்தச் சத்தமும் வந்தது: பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் எழுந்து, செருப்பு அழுந்தாமல், எதிர்ப்பக்கம் போய், பஞ்சு வைத்த இருக்கையில் உட்காருகிற சத்தம். மேடையில் என் தோளில் கைபோட்டுப் பேசிவிட்டு மறுவாரம் மந்திரி வீட்டு வாசலில் மாலையோடு நின்றவர்களை, இந்தக் கதையைச் சொல்கிற நானும் என் காலத்தில் பார்த்திருக்கிறேன். எல்லாக் காலத்திலும் அந்தச் செருப்பு ஒரே மாதிரித்தான் அடி வைக்கிறது. ஹார்விக்குக்கும் ஒரு பதவி சொன்னார்கள். சொன்னவனுடைய குரல் நெய்யில் பொரித்த மாதிரி இருந்தது. அவருடைய பதிலுக்காகத் தெருவில் பாவின் இரண்டு பக்கமும் நின்றவர்கள் கஞ்சி சொட்டச் சொட்ட அசையாமல் நின்றார்கள். "நான் இருக்கிற இடத்தில் இருந்து சபை நன்றாகத் தெரிகிறது" என்றார் அவர். அதற்கும் வெல்லம் கொடுத்தார்கள். அது மட்டும் சரியான காரணத்துக்காகக் கொடுத்த வெல்லம்.

இத்தனைக்கும் துபாஷி தியாகப்பன் துணியைத் தொடவில்லை. கப்பல் ஆறு மாதம் கழித்துக் கொண்டுவரப் போகிற சேதி விடியற்காலையில் தெருவில் இலவசமாகக் கிடைக்கும்போது எந்தப் புத்திசாலி அதைக் கெடுப்பான்? பல் குச்சியைக் கடித்துக்கொண்டு கடைசி வீட்டுச் சுவரோரம் நின்று கேட்பான். எந்த மந்திரி விழப் போகிறான், எந்த அதிகாரி திரும்ப அழைக்கப்படப் போகிறான் என்று முன்னாலேயே தெரிந்து, விழப்போகிறவனை உதறி, எழப்போகிறவனுக்கு வாழைத்தார் அனுப்புவான். அப்படித்தான் கிடங்கில் அவன் வைத்தது சட்டமாயிற்று. அவன் எதற்கும் கப்பலுக்காகக் காத்திருந்ததில்லை.

அவன் வைத்த சட்டங்களில் ஒன்று, கிடங்கிலிருந்து நூல் வாங்கிய தறியில் கிடங்குக்கல்லாமல் வேறு யாருக்கும் ஒரு முழம்கூட நெய்யக்கூடாது என்பது. வீட்டுக்கு வீடு ஒரு சேவகன் வாசலில் உட்கார்ந்தான். அவனுக்குச் சோறும் அந்த வீட்டிலேயே. தாண்டவன் தன் மகள் கல்யாணத்துக்குக் கூறைப்புடவை ஒன்றைத் தன் தறியில் தன் நூலில் நெய்தான். பாதி நெய்திருந்தபோது, அந்த வீட்டுச் சோறு தின்ற சேவகனே பிடித்துக் கொடுத்தான். கிடங்கின் பின்கட்டு இருட்டறையில் தாண்டவனைத் தொழுமரத்தில் கால் மாட்டி வைத்தார்கள். விசாரணையும் கிடையாது, எத்தனை நாள் என்கிற பேச்சும் கிடையாது. அங்கே மற்ற தெருக்காரர்கள் சிலரும் ஏற்கெனவே இருந்தார்கள்.

உண்ணாமுலை தினமும் கஞ்சிக் கலயத்தோடு போய் வாசலில் நின்றாள். கலயத்தை வாங்கிக்கொள்வார்கள், கதவைத் திறக்க மாட்டார்கள். ஒரு விடியலில் அவள் நேரே துணியின் முன்னால் வந்து நின்று, அதன் தடித்த கரையைக் கையில் பிடித்துக்கொண்டு, நடந்ததை நடந்தபடி சொன்னாள்.

தெரு பாவை விட்டுவிட்டு அவளைப் பார்த்தது. இத்தனை வருஷமும் அந்தத் துணி பேசக் கேட்டார்களே தவிர, முதல் நாள் வீரபத்திர முதலி சொன்ன ஒரு வார்த்தையைத் தவிர, அதனிடம் யாரும் எதுவும் சொன்னதில்லை. பெரிய மனுஷர் பேசும்போது குறுக்கே பேசக்கூடாது என்று வளர்ந்தவர்கள். எத்தனையோ ஊர்களை இந்த மரியாதைதான் தின்றது.

"அவருக்கு எங்க கேக்கப் போவுது?" என்றார் வீரபத்திர முதலி.

"கழுத்துலதான மாமா கட்டியிருக்காரு" என்றாள் உண்ணாமுலை. "காதுக்குப் பக்கம்தான்."

மறுநாள் விடியலில் துணி சொன்னது: "தலைவர் அவர்களே, நான் பார்த்திராத ஒரு கடற்கரையில், மகளுக்குப் புடவை நெய்த குற்றத்துக்காக ஒரு நெசவாளி தொழுமரத்தில் இருக்கிறான்." அதுவரை பேசியதையெல்லாம்விட மேலாக ஹார்விக் பேசினார். தாண்டவனுடைய பேரைச் சொன்னார். கிடங்கின் இருட்டறையைத் திறக்கச் சொல்லித் தீர்மானம் கொண்டுவந்தார். பெரிய குரல் கேட்டது, கதவு திறந்தது, செருப்புகள் எழுந்து நடந்தன. உண்ணாமுலை முதல் தடவையாகத் தன் கையால் வெல்லம் கொடுத்துவிட்டு, கப்பலுக்குக் காத்திருக்க ஆரம்பித்தாள்.

அடுத்த கப்பல் வந்தது. உத்தரவு வரவில்லை. செய்கு நயினா வந்தார்.

அவர் பரங்கிப்பேட்டைக்காரர், கப்பலில் பாய் கட்டுகிறவர். தலைப்பாகைக்குத் துணி வாங்கச் சாத்தம்பேட்டைக்கு வந்தவர், விடியலில் பேச்சு சூடாக இருந்ததால் நின்றுவிட்டார். ஹார்விக் தாண்டவனுக்காக அதே தீர்மானத்தை மறுபடியும் கொண்டுவந்த நாள் அது. பேச்சு முடிந்தது, செருப்புகள் நடந்தன, வெல்லத் தட்டு சுற்றி வந்தது. செய்கு நயினா ஒரு துண்டை எடுத்து, வாயில் போடாமல் கேட்டார்.

"இது எதுக்கு?"

"வெளியே வந்துட்டாங்கல்ல, காதுல விழலியா உனக்கு?" என்றார் வீரபத்திர முதலி.

"விழுந்திச்சு. அதுக்கு எதுக்கு வெல்லம்?"

"கோவிச்சுக்கிட்டு எழுந்துட்டாங்கய்யா. இனிமே மந்திரிங்க பாடு திண்டாட்டம்."

செய்கு நயினா வெல்லத்தைத் திரும்பத் தட்டிலேயே வைத்தார். "முதலியாரே, கப்பல் என்னைய சீமையில விட்டுட்டுப் போன ஒரு குளிர்காலம் முச்சூடும் அந்தச் சபை வாசல்ல பந்தம் புடிச்சு நின்னிருக்கேன். கோவமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது தலை எண்ணுறது. புதுசா ஒண்ணு வேணும்ங்கிறவன் எழுந்து வெளிய வரணும். வேணாங்கிறவன் இருந்த எடத்துலயே இருக்கலாம். வெளிய ஒரு எண்ணிக்கை, உள்ள ஒரு எண்ணிக்கை. எது பெருசோ அது ஜெயிச்சிச்சு."

"அப்ப இவங்க?"

"இவங்க உங்காளுக்கு வேண்டியவங்கதான். ஆனா எங்க தோணிய ஒரு நடை நெரப்பக்கூட ஆளு காணாது. உள்ள உக்காந்திருக்கிறவன் வாயத் தொறக்க வேணாம், கைய அசைக்க வேணாம். சும்மா உக்காந்திருந்தாப் போதும், அவன்தான் ஜெயிப்பான்."

"இத்தனை வருஷமுமா?" என்றாள் உண்ணாமுலை.

"நான் நின்ன குளிர்காலம் பூராவும் தோத்தாரு தங்கச்சி. முன்னப் பின்னயும் அப்படித்தான்னு வாசல்ல பேசிக்கிட்டாங்க. ஒரு தடவகூட ஜெயிக்கல."

பாவு தெரு நீளத்துக்கும் ஈரமாகக் கிடந்தது. யாரும் அதைத் தொடவில்லை. கலியன்தான் முதலில் வாயைத் திறந்தான். "நல்ல வேளை, அவர் ஜெயிச்சிருந்தா வெல்லத்துக்கு எங்க போறது?" யாரும் சிரிக்கவில்லை, அவனும் சிரிக்கவில்லை.

வீரபத்திர முதலியின் முகம் சுருங்கியது. தெருவில் தலைமை செய்கிறவனுக்கு ஏமாந்தது வலிப்பதில்லை, எல்லோர் முன்னாலும் ஏமாந்ததுதான் வலிக்கும். "அறுத்துப் போடு அந்தத் துணியை" என்றார். "தோத்துக்கிட்டே இருந்தவன் பேச்சைக் கேட்டு நாமளும் வீணாப் போனோம்."

உண்ணாமுலை கொடிக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"தோத்த மறுநாள் அவரு எழுந்து பேசாம இருந்தது உண்டா மாமா? என்னைக்காச்சும் ஒரு நாள், இன்னைக்கு முடியலன்னு படுத்துக்கிட்டாரா? செறையில இருமிக்கிட்டே கெடந்தாரே, அப்பகூட? அவரு தோத்ததுக்கு நாம வெல்லம் தின்னோம். தப்பு தின்னவங்க மேல."

வீரபத்திர முதலி பிறகு தலைப்பாகையை அவிழ்த்து உதறிக் கட்டிக்கொண்டு, வழக்கப்படி சொல்ல வேண்டியதைச் சொன்னார்: நாடாவை நிறுத்துங்கள், அடுப்பை அணையுங்கள், வேறு கொடி பறக்கிற தரங்கம்பாடி எல்லைக்கு நடக்கலாம்.

"நாம எல்லாரும் எல்லை தாண்டிட்டா" என்றாள் உண்ணாமுலை, "தொழுமரத்துல கால் மாட்டிக்கிட்டு இருக்கிறவரு எப்படித் தாண்டுவாரு?"

"வழக்கம் அதாம்மா. நம்ம பாட்டன் பூட்டன் செஞ்சது."

"பாட்டன் காலத்துல யாரும் உள்ள மாட்டிக்கிட்டு இருக்கல. நாம தூரமாப் போனா அவங்களுக்கு நிம்மதி. துபாஷி துணிக்கு வேற தெரு பாத்துக்குவான், உள்ள இருக்கிறவரைப் புதைச்சிடுவான்."

"அப்ப எங்கதான் நடக்கச் சொல்ற?"

"கிடங்கச் சுத்தி."

"சுத்தி நடந்தா எங்க போய்ச் சேர்றது?"

"எங்கயும் போய்ச் சேர வேணாம். எழுந்து நடக்கிறவங்களத்தான எண்ணுவாங்களாம்? எண்ணட்டும்."

வீரபத்திர முதலி தன் வாழ்நாளில் ஒரு பெண்பிள்ளை சொல்லை மட்டும் கேட்டு வழக்கத்தை மாற்றியதில்லை. அவர் துணியைப் பார்த்தார். அது வாயை மூடிக்கொண்டு தொங்கியது. ஒத்தாசைக்கு ஆளில்லை என்று தெரிந்ததும், "செருப்பில்லாம நடங்க" என்றார். "சத்தம் சுத்தமாக் கேக்கணும்."

நாடாக்கள் பாவின் நடுவில் நின்றன. அடுப்புகளில் தண்ணீர் விழுந்தது. வாசல்களில் சோற்றுக்குக் காத்திருந்த சேவகர்கள் காலி வீடுகளைக் காவல் காத்தார்கள். உண்ணாமுலை சல்லாவை மூங்கிலில் கட்டித் தோளில் சாய்த்துக்கொண்டு முன்னால் நடக்க, தெரு முழுவதும் பின்னால் நடந்தது. தறிக்குழியில் மிதித்து மிதித்துக் காய்ப்பேறிய கால்கள், தாளம் தவறாத கால்கள், கிடங்கை வலமாகச் சுற்றின. கோஷம் இல்லை, பாட்டு இல்லை. காலடி மட்டும். சுற்றி முடித்த இடத்திலேயே அடுத்த சுற்று தொடங்கியது. பக்கத்துப் பேட்டைக்காரர்கள் என்ன இது என்று பார்க்க வந்து, தங்கள் ஆட்களும் உள்ளே இருப்பது நினைவுக்கு வந்து, வரிசையில் சேர்ந்தார்கள். சேணியர் வந்தார்கள், சாயக்காரர்கள் வந்தார்கள், வண்ணார் வந்தார்கள், இவர்களோடு சேர்ந்து நடந்தே பழகியிராதவர்கள் வந்தார்கள். யார் முன்னால் யார் பின்னால் என்று ஒரு முணுமுணுப்பு எழுந்தது. வட்டத்தில் முன் ஏது பின் ஏது என்று தெரியாமல் அது தானே அடங்கியது. கால் ஓய்ந்தவர்கள் உட்கார்ந்தார்கள், உட்கார்ந்தவர்கள் எழுந்தார்கள், வட்டம் மட்டும் உட்காரவில்லை.

அடுத்த விடியலில் தியாகப்பன் கையில் தீவட்டியோடு வெளியே வந்தான். முன்னே நாலு சேவகர்கள் வழி விலக்க, நேராக மூங்கிலை நோக்கி வந்தான்.

"அந்தக் கந்தலைக் குடு" என்றான் உண்ணாமுலையிடம்.

"நீங்க கழிச்சுப் போட்டதுங்க" என்றாள் அவள், நடையை நிறுத்தாமல். "கழிச்சது எங்களுது."

அவன் அவளோடு கூடவே நடக்க வேண்டியதாயிற்று. தீவட்டியை உயர்த்தினான். அப்போது துணி தொண்டையைச் செருமியது.

"தலைவர் அவர்களே" என்றது. குரலில் வயது நூல் பிரிந்து தெரிந்தது. "நான் பார்த்திராத ஒரு கடற்கரையில்" என்று தொடங்கி, அங்கேயே நின்றுவிட்டது. ஏனென்றால் சபையில் காலடிச் சத்தம் கேட்டது. ஹார்விக்கின் கழுத்துத் துணி வழியாகப் போய், அந்தச் சபையின் கல்லிலும் மரத்திலும் மோதித் திரும்பிய இவர்களுடைய காலடியே, பத்து மடங்காகப் பெருகி, துணி வழியாக இவர்களுக்கும் கேட்டது. அங்கே முதலில் சிரித்தார்கள். பிறகு யாரோ, வாசலில் யார் என்று கேட்டார்கள். வாசலில் யாருமில்லை என்று பதில் வந்தது. சிரிப்பு குறைந்தது. ஹார்விக் சொன்னார்: "இன்றைக்கு நான் பேசப் போவதில்லை. நீங்கள் கேளுங்கள்."

ஒரு ஆயுள் முழுவதும் பேசிய மனுஷர் அன்றைக்குப் பேசாமல் நின்றார். காலடி நடந்தது.

பிறகு பெரிய குரல் எப்போதும் கேட்பதைக் கேட்டது, கதவு திறந்தது, வழக்கமான அந்தச் சில செருப்புகள் எழுந்து வெளியே போயின. ஆனால் எண்ணுகிறவர்கள் திணறினார்கள். போனவர்கள் போய் முடிந்த பிறகும் வெளியே போகிற சத்தம் நிற்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத காலைக் கணக்கில் சேர்க்க முடியாது என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார். தீர்மானம் தோற்றது. உட்கார்ந்திருந்தவர்களே ஜெயித்தார்கள். அதில் நான் ஒரு இம்மியும் கூட்டிச் சொல்ல மாட்டேன்.

ஆனால் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர், இதுவரை துணியில் குரல் கேட்டிராத ஒருவர், எரிச்சலோடு கேட்டார்: "அது எந்தக் கிடங்கு? அங்கே பொறுப்பில் இருக்கிறவன் யார்?"

மூங்கிலுக்குப் பக்கத்தில் தியாகப்பனின் தீவட்டி தாழ்ந்தது. அந்தக் கேள்வி கப்பலேறிக் கடல் தாண்டி வந்துசேர ஆறு மாதம் ஆகும். அதற்குள் எத்தனையோ செய்யலாம். ஆனால் அவன் எதற்கும் கப்பலுக்காகக் காத்திருந்து பழகாதவன். கெட்ட சேதிக்கும் அப்படித்தான். தீவட்டியை மண்ணில் குத்தி அணைத்துவிட்டு உள்ளே போய், சபையில் பேர் அடிபட்டவனை மட்டும் தொழுமரத்திலிருந்து விடுவித்தான்.

தாண்டவன் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான். வெளிச்சத்துக்குக் கண் பழகச் சற்று நேரமாயிற்று. வட்டத்தைப் பார்த்தான்.

"என்னா இது, தெருவே வந்து கெடக்கு? தறிய யாரு பாத்துக்கிறா?"

"யாரும் பாக்கல" என்றாள் உண்ணாமுலை.

"பாவு?"

"தெருவுல கெடக்குது. காஞ்சு வீணாப் போயிருக்கும்."

அவன் அதற்கு வருத்தப்பட்டான். பிறகு மூங்கிலில் கட்டியிருந்த துணியைப் பார்த்துவிட்டு, "அந்தத் தடிச்ச இழை அப்பிடியேதான் இருக்கு" என்றான்.

வீரபத்திர முதலி வந்து தாண்டவனுடைய காலைத் தடவிப் பார்த்தார். "ஆச்சு. நம்ம ஆளு வந்தாச்சு. வீட்டுக்குப் போலாம்" என்றார். சாத்தம்பேட்டைக்காரர்கள் சிலர் வட்டத்தைவிட்டு விலகி, மேல்துண்டை உதறித் தோளில் போட்டார்கள். கிடங்கின் கதவு தாண்டவனுக்குப் பின்னால் மறுபடியும் சாத்திக்கொண்டது. உள்ளே மற்ற தெருக்காரர்கள் இன்னும் இருந்தார்கள். உண்ணாமுலை கதவைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். அவளுக்கு வேண்டியது கைக்கு வந்துவிட்டது.

அப்போது துணி மறுபடி பேசியது. சபை கலைந்திருந்தது; பின்னால் விளக்குகளை அணைக்கிற சத்தம் கேட்டது. அத்தனை வருஷங்களில் முதல் தடவையாக அவர் தலைவரை விளிக்கவில்லை.

"அங்கே நடக்கிறவர்களே" என்றார். "என் காலத்தில் நான் ஒரு தடவையாவது சரியான எண்ணிக்கையைக் கேட்டுவிட்டுப் போக வேண்டும். நீங்கள் எத்தனை பேர்?"

வெள்ளாற்றுக் கரையோரம் வளைகிற பாதையில், தூசுக்குள்ளிருந்து, அடுத்த பேட்டையின் தலைகள் தெரிந்தன. அவற்றுக்குப் பின்னால் அதற்கடுத்த பேட்டையின் தலைகள். தாண்டவன் வலிக்கிற காலை ஊன்றிப் பார்த்து, அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். உண்ணாமுலை மூங்கிலை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு நடக்கத் தொடங்கினாள்.

"இப்ப எண்ணிடாதீங்க ஐயா" என்றாள். "இன்னும் வந்துட்டிருக்காங்க."